டிசம்பர் 18, மேற்படி

பிள்ளைமடைக் குளம்
19.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சித்ரலேகா எழுதுவது. நேற்றுக் காலை ஒன்பதே காலுக்கு, குளத்தின் மேலக்கரையில், தேநீர் குடித்து முடித்த பிறகு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் ஒரு முடிவு எடுத்தேன். பருவகாலப் பறவைகள் பதிவேட்டில், ‘மஞ்சள்மூக்கு நாரை வந்த நாள்’ என்ற நான்காம் கலத்தில், ‘மேற்படி’ என்று எழுதுவதில்லை. ‘வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு இன்னொரு தேநீர் குடித்தேன். சாட்சிகள்: ஆடு மேய்க்கும் இசக்கித்தாய், அவருடைய பதினான்கு ஆடுகள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் உங்களைக் கேட்டால் அக்கா பதில் சொல்கிறாள். அதனால் வாரம் ஒருமுறை ஜீப்பில் பாளையங்கோட்டைக்குப் போகும் தபால் பையில் இதைப் போடுகிறேன்.

இந்தக் குளத்துக்கு வனக்காப்பாளராக நான் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் பதினோரு ஆண்டுகள் நீங்கள் இருந்தீர்கள். நல்ல பதிவேடு வைத்திருந்ததற்காகச் சான்றிதழ் வாங்கினீர்கள், வனவர் ஆனீர்கள், இப்போது எல்லாக் குளங்களின் பதிவேடுகளும் உங்கள் மேசைக்கு வருகின்றன. ஆகவே உங்களைத்தான் கேட்க முடியும். 2013இல் நாரைகள் டிசம்பர் 18 அன்று வந்திருக்கின்றன. அதன்பின் பத்து ஆண்டுகளும் ‘மேற்படி’. கிளம்பிய நாள் மே 31, மேற்படி. மழை பொய்த்த வருடமும் மேற்படி, வெள்ளம் வந்து கரை உடைந்த வருடமும் மேற்படி.

மணிமுத்தாற்றுக் கால்வாயில் போன வாரம்தான் தண்ணீர் விட்டார்கள். குளத்தில் கணுக்கால் அளவு நிற்கிறது. மீன் இல்லை. இசக்கித்தாயிடம் கேட்டேன்.

“ஏளா, நாரைக்கு எவன் காலண்டர் மாட்டிக் குடுத்தான்? தண்ணி வந்தா மீனு வரும். மீனு வந்தா அது வரும்” என்றார்.

“எங்க அத்தான் பதினோரு வருசமும் பதினெட்டாந் தேதின்னு எழுதியிருக்காவளே?”

“அந்த ஆளா? நான் மூணு தடவ பாத்திருக்கேன். ரெண்டு தடவ ஆட்டுக்குட்டி கேட்டு வந்தாரு.”

இதைப் பதிவேட்டில் எழுதவில்லை. அதற்குக் கலம் இல்லை.

சித்ரலேகா

*

பாளையங்கோட்டை
27.12.2024

பார்வை: 19.12.2024 நாளிட்ட தங்கள் கடிதம்.

பார்வையில் கண்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. பிள்ளைமடைக் குளத்துக்கு மஞ்சள்மூக்கு நாரைகள் உரிய நாளில் வந்து சேராததற்கான விளக்கத்தை, இக்கடிதம் கிடைத்த ஏழு நாள்களுக்குள் எழுத்து மூலம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

ஆட்டுக்குட்டி இரண்டும் உன் அக்காள் வைத்த கிடாவெட்டு நேர்ச்சைக்காக வாங்கியவை. அந்தக் கறியை நீயும் சாப்பிட்டாய்.

பே. பேச்சிராஜ்
வனவர், பதிவேட்டுப் பிரிவு

*

பிள்ளைமடைக் குளம்
3.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

விளக்கம் கேட்டிருந்தீர்கள். நாரைகளிடம் நேரில் விசாரிக்கலாம் என்றால் அவை இங்கே இல்லை. இல்லாதவை தாமதத்துக்குப் பொறுப்பு என்று வைத்துக்கொண்டாலும், குறிப்பாணையை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. பிரிவிலிருந்து தெரிவித்தால் அனுப்பிவைக்கிறேன்.

என்னளவில் விளக்கம் இதுதான்: குளத்தில் மீன் இல்லை.

கறி நன்றாக இருந்தது. மறுக்கவில்லை.

சித்ரலேகா

*

பிள்ளைமடைக் குளம்
28.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று வந்துவிட்டன. காலை ஏழரை மணிக்கு வடகிழக்கிலிருந்து இருபத்திரண்டு. மதியத்துக்குள் தொண்ணூறு. இன்று காலை எண்ணியபோது முந்நூற்றுப் பத்து, இதில் நான் இரண்டு முறை எண்ணியவை சில இருக்கலாம். குளத்துக்குள் நிற்கும் நாற்பத்து மூன்று நாட்டுக் கருவேல மரங்களில் முப்பதைப் பிடித்துக்கொண்டன. நல்ல கிளைக்கு அடிதடி. கூட்டுக்குச் சுள்ளி கொண்டுவரச் சோம்பல்படுபவை பக்கத்துக் கூட்டிலிருந்து உருவிக்கொள்கின்றன.

நான்காம் கலத்தில் 27.1.2025 என்று எழுதியிருக்கிறேன். 

சித்ரலேகா

*

பாளையங்கோட்டை
6.2.2025

சித்ரலேகாவுக்கு,

அத்தான் எழுதுவது. இது அலுவலகக் கடிதம் இல்லை, கோப்பில் சேர்க்காதே.

நீ எழுதிய தேதியால் இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஒரு பேராசிரியர், பிள்ளைமடைக் குளத்து நாரைகளைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்திருக்கிறார். பருவமழை எப்படி மாறினாலும் இந்த நாரைகள் மட்டும் தேதி தவறுவதில்லை, இது ஆராயத்தக்கது என்று சொல்லி முடித்திருக்கிறார். அடிக்குறிப்பில் என் பதிவேடு. கட்டுரையின் படி ஒன்றை அனுப்பி, நன்றி என்று கைப்பட எழுதியிருந்தார். அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். உன் அக்காள்தான் ஆணி அடித்தாள்.

இப்போது 27.1.2025 என்று ஒரு தேதி வந்தால், முந்தைய பதினொன்றையும் எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த ஜனவரி 31 எனக்கு ஓய்வு. ஓய்வு பெறும் நாள் மாலையில், மாலை போடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பணியிடை நீக்க ஓலை கொடுத்து நிறுத்தி வைக்கப்பட்ட மூன்று பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் ஓய்வூதியத்துக்காக இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே தேதியைத் திருத்தி அனுப்பு. பொங்கலுக்கு நீ வராததில் உன் அக்காளுக்கு வருத்தம். எனக்கு வருத்தம் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பேச்சிராஜ்

*

பிள்ளைமடைக் குளம்
12.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. தேதியை நான் திருத்தவில்லை. பதிவேடு உங்கள் மேசையில் இருக்கிறது, மேலே போகவில்லை. இருவரும் சும்மா இருந்தால் நாரைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் போய்விடும், ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

நேற்று குளத்துக் கருவேல மரங்களை ஏலம் எடுத்தவர் வந்தார். தச்சநல்லூரில் விறகுக்கடை வைத்திருக்கும் அலி அஸ்கர் அண்ணாச்சி. ஜூன் 2 காலை வெட்டத் தொடங்கலாம் என்று உத்தரவு வைத்திருக்கிறார். உத்தரவில் காரணமும் இருக்கிறது: ‘பதிவேட்டின்படி பறவைகள் மே 31 அன்று குளத்தை விட்டு நீங்கிவிடுவதால்.’

இப்போது குளத்தில் நூற்று அறுபத்தெட்டுக் கூடுகள் இருக்கின்றன. மார்ச் கடைசியில் முட்டை, ஏப்ரல் கடைசியில் குஞ்சு. வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குடை பிடித்தபடி நாள் முழுவதும் நிற்கிறது. மரத்தில் ஆள் ஏறினால் குஞ்சுகள் கழுத்தைத் தொங்கப்போட்டுச் செத்ததுபோலப் படுத்துவிடுகின்றன. ஆள் இறங்கியதும் எழுந்து கத்துகின்றன. ஜூலை நடுவுக்கு முன்னால் ஒன்றும் பறக்காது.

அண்ணாச்சி ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். சட்டையில் எச்சம் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“தங்கச்சி, நான் மரத்தத்தான் ஏலம் எடுத்தேன், பிள்ளையள எடுக்கல. ஒரு காயிதம் குடுங்க. எத்தன மாசம் வேணும்னாலும் மரம் கெடக்கட்டும். காயிதம் இல்லாம நான் சும்மா நின்னா, ஒப்பந்தத்த மீறுனான்னு எம்மேலயே வருவாவ.”

“காயிதம் பாளையங்கோட்டையிலிருந்து வரணும் அண்ணாச்சி.”

“அங்கன உங்க அத்தான்தான இருக்காரு? பெறவு என்ன?”

நானும் அதைத்தான் கேட்கிறேன்.

சித்ரலேகா

*

பாளையங்கோட்டை
19.5.2025

சித்ரலேகாவுக்கு,

நான் குளத்துக்குப் போகவே இல்லை என்று நீ நினைக்கிறாய். 2013இல் போனேன். டிசம்பர் 18, காலை எட்டு மணி. ஐந்து பறவைகள் கிழக்கிலிருந்து வந்து இறங்கின. என் கண்ணால் பார்த்தேன். அது உண்மையான தேதி. அதை நீ யாரிடமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்த வருடம் அதே வாரம் உன் அக்காளுக்குக் குடல்வால் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நீயும்தான் இருந்தாய், கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து செமஸ்டருக்குப் படித்துக்கொண்டு. பதிவேடு அனுப்ப வேண்டிய நாள் வந்தது. ‘மேற்படி’ என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் வருடம் குளத்துக்குப் போனேன். நாரைகள் ஜனவரி 9 அன்று வந்தன. அதை எழுதினால், சென்ற ஆண்டு எப்படிப் பதினெட்டு என்று கேட்பார்கள். அதனால் மேற்படி. நான்காம் வருடம் எழுதினால் மூன்றாம் வருடத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் உண்மை ஒரு வருடம் கனமாகிக்கொண்டே வந்தது. ஆறாம் வருடத்துக்குப் பிறகு பறவைகளைப் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பார்த்தால் தேதி தெரிந்துவிடுகிறது.

இதுதான் நடந்தது. இதில் ஒரு ஆட்டுக்குட்டியும் இல்லை.

காகிதம் கொடுப்பதற்கு என்னிடம் வழி இல்லை.

பேச்சிராஜ்

*

பிள்ளைமடைக் குளம்
23.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

வழி இருக்கிறது. சட்டப் புத்தகத்தை இரண்டு நாளாகப் படித்தேன். ‘பிள்ளைமடைக் குளத்து நாரைகளின் வருகை நாள் நிலையானதல்ல, 2013க்குப் பிந்தைய பத்து ஆண்டுப் பதிவுகள் நேரில் பார்த்து எழுதியவை அல்ல’ என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். உத்தரவின் அடிப்படையே போய்விடும். ஏலம் ரத்தாகும். கூடுகட்டும் மரங்கள் என்று நாற்பத்து மூன்றும் பட்டியலில் ஏறும். பிறகு யாரும் எப்போதும் தொட முடியாது.

உங்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல எழுத மாட்டேன்.

ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள். தேதி ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் பார்ப்பதில் ஆபத்து இல்லை.

சித்ரலேகா

*

பாளையங்கோட்டை
28.5.2025

சித்ரலேகாவுக்கு,

நேற்று கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் திரும்பும்போது பேச வேண்டியதெல்லாம் வந்தது. குஞ்சுகள் இவ்வளவு சத்தம் போடும் என்று பதிவேட்டில் எங்குமே இல்லை. மேற்கு ஓரத்து மரத்தில் ஒன்று, வந்த மீனை விழுங்கத் தெரியாமல் கீழே போட்டதையும், தாய் இறங்கி வந்து அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதையும் உன் அக்காளிடம் சொன்னேன். “ஏழு வருசம் களிச்சுப் பாக்கப் போயிருக்கீயளாக்கும்” என்றாள். சட்டையைத் துவைத்துப் போட்டாள்.

விடிவதற்குள் ஒரு வழி தோன்றியது. நீ சொன்ன வழி அல்ல.

பதிவேட்டின்படி நாரைகள் டிசம்பர் 18 அன்று வந்துவிட்டன. மே 31 அன்று போய்விடும். அவை முதல் தொகுதி. நீ ஜனவரி 27 அன்று பார்த்தது இரண்டாம் தொகுதி. இரண்டாம் தொகுதி என்று ஒன்று இதுவரை இல்லாததால் அதற்குப் பதிவேடு இல்லை. புதுப் பதிவேடு திறக்க மூன்று அலுவலகங்களின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வரும்வரை சம்பந்தப்பட்ட இடத்தில் எந்தப் பணியும் நடக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மூன்று அலுவலகங்களையும் எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதம் ஆகும்.

பதிவேட்டை இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உன்னிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். நான்காம் கலத்தில் ‘வரவில்லை’ என்று எழுதியதையும், 27.1.2025 என்று எழுதியதையும் அடித்துவிட்டு, முதல் தொகுதி டிசம்பர் 18 அன்று வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜூன் 2க்கு இன்னும் ஐந்து நாள்.

பேச்சிராஜ்

*

பிள்ளைமடைக் குளம்
30.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று முழுவதும் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இசக்கித்தாய் பார்த்துவிட்டு, “ஏளா, மை தீந்துட்டா?” என்றார். இல்லை என்றேன். “பெறவு எழுதித் தொலையேன். அங்கன பாரு, குஞ்சு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கி” என்றார்.

இல்லாத ஐந்நூறு நாரைகளை டிசம்பர் 18 அன்று வரவழைத்து, நாளை அனுப்பிவைக்கிறேன். இருக்கிற நாரைகளை இரண்டாம் தொகுதி என்று எழுதியிருக்கிறேன். இரண்டு தொகுதிகளும் ஒரே மரத்தில் நான்கு மாதம் எப்படி இருந்தன என்று மூன்று அலுவலகங்களில் ஏதாவது ஒன்று கேட்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சித்ரலேகா

*

பாளையங்கோட்டை
1.8.2025

சித்ரலேகாவுக்கு,

யாரும் கேட்கவில்லை.

ஜூலை 20 அன்று கடைசிக் குஞ்சும் பறந்துவிட்டது என்று நீ ஒரு வரி எழுதியிருந்தாய். கிடைத்தது. உன் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

நேற்று மூன்றாம் அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வந்தது. புதுப் பதிவேடு திறக்கலாம். அதோடு ஒரு குறிப்பும் சேர்ந்து வந்திருக்கிறது. இரண்டாம் தொகுதிப் பறவைகள் ஒரே ஒரு ஆண்டு மட்டும் காணப்பட்டுள்ளதால் அவற்றின் வருகை தற்காலிகமானது. நிரந்தர வருகையாளர்களான முதல் தொகுதி மே 31 அன்று நீங்கிவிட்டபடியால் மரங்களை வெட்டத் தடையில்லை. அலி அஸ்கருக்கு ஆகஸ்ட் 11 தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். குறிப்பின் வாசகம் நான் எழுதி அனுப்பிய கடிதத்தில் இருந்து எடுத்ததுதான்.

பேச்சிராஜ்

*

பிள்ளைமடைக் குளம்
5.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

மே 23 கடிதத்தில் நான் சொன்ன ஒரு பக்கத்தை இப்போதும் எழுதலாம். என் பொய்யையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன். இதைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். ஜீப் 8ஆம் தேதி வருகிறது, அந்தப் பக்கத்தை அதில் அனுப்புங்கள்.

சித்ரலேகா

*

பாளையங்கோட்டை
8.8.2025

சித்ரலேகாவுக்கு,

எழுதினேன். இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கிறது, ஒன்று சட்டைப் பையில்.

உன் அக்காள் நேற்று ஜவுளிக்கடைக்குப் போய், ஜனவரி 31க்கு என்று எனக்கு ஒரு பட்டு வேட்டி எடுத்து வந்திருக்கிறாள். இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே என்றேன். “இப்பதான் தள்ளுபடி” என்றாள்.

இந்தத் தபால் பையில் இந்தக் கடிதம் மட்டும் வருகிறது.

பேச்சிராஜ்

*

பிள்ளைமடைக் குளம்
1.2.2026

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று மாலை உங்கள் வழியனுப்பு விழாவை அக்கா போனில் காட்டினாள். பட்டு வேட்டி நன்றாக இருந்தது. உரிய நேரத்தில் மாலை போட்டார்கள். பேராசிரியரும் வந்து பேசியது கேட்டது.

உங்களுக்கு அடுத்து பிரிவில் உட்காரப்போகிறவர் பெயர் இன்னும் தெரியாததால், இந்த மாதப் பதிவேடுகளை உங்கள் பெயருக்கே அனுப்புகிறேன், கொடுத்துவிடுங்கள். முதல் தொகுதிப் பதிவேட்டில், நான்காம் கலத்தில், ‘மேற்படி’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் தொகுதிப் பதிவேட்டிலும் அப்படியே.

இந்த வருடம் குளம் நிறைந்து, நாற்பத்து மூன்று அடிக்கட்டைகளும் முங்கியிருக்கின்றன. மீன் உண்டு. நாரைகள் ஜனவரி 29 அன்று காலை ஏழு மணிக்கு வந்தன. இரண்டு நாள் குளத்துக்கு மேலே சுற்றின. சில கரையில் இறங்கி நின்றன. 31 காலை ஒன்பது மணிக்குத் தெற்கே போய்விட்டன.

சித்ரலேகா